முட்டு வாங்கியவர் எங்கள் கோச் ஆனார்

2006 ஜூலை 9. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. அப்பா தூங்கட்டும் என்று டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். நான் பிரான்ஸ் கேப்டன் ஜிடானின் ரசிகன். இத்தாலியின் மார்கோ மத்தராசி செய்த ஃபவுலுக்குக் கிடைத்த பெனால்டியை ஜிடான் கோலாக்கினார். 19வது நிமிடத்தில் அதே மத்தராசி கார்னரில் தலையால் அடித்துச் சமன் செய்துவிட்டார். இரண்டு மணி வாக்கில் ஜிடான் மத்தராசியைத் தலையால் ஒரு முட்டு முட்டினார். நெஞ்சில் வாங்கிச் சரிந்த மனுஷனை நான் திட்டிய திட்டில் அப்பா எழுந்தே வந்துவிட்டார்.

2014இல் அந்த ஆளே இந்தியன் சூப்பர் லீக்கில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான 'சென்னையின் எஃப்சி'க்கு வந்தார். மேனேஜரும் (அதாவது கோச்சும்) அவர்தான், ஆட்டக்காரரும் அவர்தான். உண்மையைச் சொன்னால், ஊளையிடத்தான் நேரு ஸ்டேடியம் போனேன். டிவியில் தெரிந்ததைவிட நெட்டை. பந்து எங்கோ எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நம் டிஃபென்டரைப் பார்த்து 'உள்ளே வா, இன்னும் உள்ளே' என்று கையாட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த நிமிடமே பந்து சரியாக அங்கே வந்தது. ஊளை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இரண்டு ஆட்டமாக நடந்த அந்த வருட லீக் அரையிறுதியை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 தோற்று, இங்கே மூன்றையும் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில், 117வது நிமிடத்தில், அவர்களின் பியர்சனிடம் ஒன்று வாங்கினோம். சரி, விடுங்கள்.

2015இல் அட்டவணையின் அடியில் கிடந்து எழுந்து வந்தோம். அதற்குள் சென்னையில் வெள்ளம். நம் ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். எங்கள் டிவி தண்ணீரில் போய்விட்டதால் டிசம்பர் 20 இறுதி ஆட்டத்தை மாடி வீட்டில் பார்த்தோம். 87வது நிமிடத்தில் கோவா 2-1. மாடி வீட்டு அக்கா ரிமோட்டை எடுத்தார், நான் பிடுங்கிக்கொண்டேன். 90இல் கோவா கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டார். இரண்டே நிமிடம், நம் மெண்டோசா! 3-2, கோப்பை நமக்கு.

ஆடிக் குதித்துக்கொண்டிருந்த மத்தராசியை அப்பா உற்றுப் பார்த்தார்.

"ஏண்டா, நீ ராத்திரி ரெண்டு மணிக்குத் திட்டினது இவனைத்தானே?"