மீள்நீரா, தேற்றுநீரா, பரிகரித்த கழிவுநீரா?

அனைவருக்கும் வணக்கம்.

கமக்காரருக்கான தானியப் பயிர்க் கையேட்டில் "சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்ப் பாசனம்" என்று வருகிறது. மலசலக் கழிவுநீரைக் குளங்களில் தேக்கிச் சீராக்கி வயலுக்குப் பாய்ச்சுவது அது. அந்த நீருக்கு எந்தச் சொல்லை வைப்பது என்பதே கேள்வி. வன்னியில் வயல்பக்கம் "கழிவு" என்றால் கழிவு வாய்க்கால்தான் நினைவுக்கு வரும்: மேல் வயலில் வடிந்து கீழ்க் குளத்துக்குப் போகிற தண்ணீர். மலக்கிருமி பற்றிய எண்ணமே எழாது. "சுத்தி" என்ற தொடக்கமோ சுத்தம் என்றே காதில் விழும், வெறுங்காலோடு இறங்கிவிடுவார்கள். "மீள்நீர்" என்றாலும் அந்த வடிதண்ணீரையே நினைப்பர்.

என் தெரிவு "தேற்றுநீர்". தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துக் கலங்கலைத் தெளியவைக்கிற பழக்கம் நம்முடையது. வினையும் பழையது.

(கையேட்டுத் தொகுப்பு, வவுனியா)

---

> என் தெரிவு "தேற்றுநீர்".

ஐயா, சொல் இனிது, பொருள் உதைக்கிறது. கழிவுநீரை அடுத்தடுத்த மூன்று குளங்களில் தேக்கிப் பரிகரித்தால், கடைசிக் குளத்திலிருந்து வரும் நீர் பாசியால் பச்சையாகத்தான் இருக்கும். மலக்குழி நிரம்பி வழிவது சில வேளை அதைவிடத் தெளிவாகத் தெரியும். மலத்தோடு வரும் குடற்புழுவின் முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு, கண்ணுக்குப் படாது. அது அடியில் படிய 8 முதல் 10 நாள் தேக்கம் வேண்டும். தானியப் பயிருக்கு உலக சுகாதார நிறுவனம் 1989இல் வைத்த எல்லை, லீற்றருக்கு ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்பது. இதற்கும் தெளிவுக்கும் தொடர்பில்லை.

இன்னொன்று: தேற்றுநீர் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைத்துக் கமக்காரர் வழக்கமான யூரியாவையும் போடுவார். லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைதரசன் உள்ள நீரை ஒரு ஏக்கர் சோளத்துக்கு (மக்காச்சோளம்) மொத்தம் 400 மில்லிமீற்றர் பாய்ச்சினால் 32 கிலோ நைதரசன் இறங்கும். யூரியாவில் அது ஏறத்தாழ 70 கிலோ, ஒன்றரை அந்தருக்குக் கிட்ட (ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ). யூரியாவை நிறுத்தலாம், தண்ணீரில் கரைந்து வருவதை நிறுத்த முடியாது. நெல்லில் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்துக்குப் பிறகும் அது வந்துகொண்டிருந்தால் இலை கறுத்துச் செழிக்கும், எரிபந்தம் என்ற நோய் பிடிக்கும், தாள் சாயும், கதிரில் சப்பி (மணியில்லாப் பதர்) கூடும். அந்தப் பருவத்தில் குளத்து நீருக்கு மாறவேண்டும், அல்லது கலந்து பாய்ச்சவேண்டும். கழிவு என்ற உறுப்பைச் சொல்லிலிருந்து எடுத்தால் இந்த எச்சரிக்கையும் போய்விடும்.

"பரிகரிப்பு" நம் பாடநூல்களில் உள்ள சொல். பரிகாரி (நாட்டு வைத்தியர்) பார்த்துவிட்டார் என்றால் நோய் தீர்ந்துவிட்டது என்று எவரும் எடுப்பதில்லை. அந்த நிதானம் இதற்கு வேண்டும். "பரிகரிநீர்" எப்படி?

(விவசாயப் போதனாசிரியர், கிளிநொச்சி)

---

தம்பி, பச்சைத் தண்ணீர் விளக்கத்தோடு தேற்றுநீரைக் கைவிடுகிறேன். பரிகரி சரி. ஆனால் "பரிகரிநீர்" வினைத்தொகை. ஊறுகாய் போல மூன்று காலத்துக்கும் பொருந்தும்: பரிகரித்த, பரிகரிக்கிற, பரிகரிக்கும். நேற்று முதற் குளத்தில் விழுந்ததும் பரிகரிநீர்தான். நடுக்குளத்துக் கதவைத் திறந்துவிட்டவர் சொல்லின்படி பிழை செய்யவில்லை என்றாகிவிடும். இறந்தகாலம் வெளிப்பட நிற்கட்டும்: பரிகரித்த கழிவுநீர்.

நீளம் என்று "கழிநீர்" ஆக்கவேண்டாம். கழி என்றால் கடற்கழி. ஓர் எழுத்துப் பிசகினால் அரிசி களைந்த கழுநீர்.

நீங்கள் சொன்னபடி கழிவு என்ற உறுப்பு இருக்கட்டும். வயல் கழிவைக் கையேடு முழுவதும் "வடிநீர்" என்று மாற்றிவிடுகிறேன். குழப்பம் அங்கேயே தீரும். உப்பு அட்டவணைக்கும் இந்தப் பிரிப்பு உதவும். பாய்ச்சும் நீரின் உப்பைக் காட்டும் அளவான மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.1 டெசிசீமன்சைத் தாண்டினால் சோளத்தில் விளைச்சல் குறையத் தொடங்கும்; நெல்லில் 2.0, இறுங்கில் (sorghum) 4.5. வடிநீருக்கும் பரிகரித்த கழிவுநீருக்கும் தனித்தனி நிரல் போடலாம்.

கதவடிப் பலகைக்கு என் வரைவு: "பரிகரித்த கழிவுநீர். கடைசிக் குளத்திலிருந்து மட்டும். குடிக்க, குளிக்க ஆகாது. சப்பாத்தின்றி இறங்கவேண்டாம். யூரியா போடமுன் கேளுங்கள்." திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.