பெரியப்பாவின் நெஞ்சடைப்பு

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் உள்ளே மாரடித்து ஒப்பாரி வைக்க, ஆண்கள் பந்தலில் அமர்ந்து, மூங்கில் வந்துவிட்டதா, பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்றா என்று காரியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழுவது அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளோடு என் பெரியப்பாவின் தோப்பும் சாய்ந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் ஆறுதல் சொன்னார்: “மரம்தானே, வச்சுக்கலாம்.” சில மாதங்களில் அவருக்கு நெஞ்சு அடைப்பது போலவும் இரவில் தூக்கம் கெடுவதாகவும் இருக்கவே, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர் இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். “எனக்கென்ன பைத்தியமா?” என்று குதித்தவரைப் பெரியம்மா சண்டை போட்டு அனுப்பினார், துணைக்கு நான் போனேன்.

அங்கிருந்த இளம் மருத்துவர் மனத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எத்தனை மரம், நெட்டையா குட்டையா, யார் வைத்தது, கடன் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டே போனார். தாத்தா குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து கன்றுகளைக் காப்பாற்றிய கதையைச் சொல்லத் தொடங்கிய பெரியப்பா, பாதியில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெளியே வந்ததும், “அப்பா செத்தப்பகூட நான் அழுவலடா தம்பி” என்றார்.

“மனம்விட்டுப் பேசுங்கள்” என்ற அறிவுரையில் அதன்பின் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஊர் ஆண்கள் “நல்லாத்தான் இருக்கு” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். தூக்கத்தையும் கடனையும் பயிரையும் கேட்டால் மற்றவை தாமாக வரும். நாட்டில் தற்கொலை செய்துகொள்வோரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஆண்கள் என்று 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு காட்டும்போது, எப்படிக் கேட்பது என்பதை நாம் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். மனநல ஆலோசனைக்கான 14416 என்ற இலவச எண்ணையும் கைப்பேசியில் பதிந்துகொள்வது நல்லது.

பெரியப்பா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டுத் தேறினார். பின்னொரு சம்பாவில் கதிர் முற்றிய நெல் மழையில் சாய்ந்து முளைத்துவிட, தூங்காமல் கிடந்த பங்காளி ஒருவரை அவரே பைக்கில் ஏற்றி அதே பிரிவுக்கு அழைத்துப் போனார். அந்த மனிதர் வழி நெடுக, “இது வாயுத் தொல்லைதாண்ணே” என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.