பைக் விற்று மூன்று வாரம் கழித்து பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஒன்பது வருடம் ஓட்டிய பைக்கை 28,000 ரூபாய்க்கு விற்றேன், அவரே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் டபுள்ஸில் ஏறிவிட்டு, இப்போது கிளட்ச் பிளேட் கருகிவிட்டது, பாதிப் பணம் கொடு என்கிறார். ஆர்சி இன்னும் என் பெயரில்தான்.

பதில்: கிளட்ச் தேயும் பொருள்தானே. தெரிந்தே மறைத்திருந்தால் அது வேறு கதை.

பதில்: கிளட்சை விடுங்கண்ணா, ஆர்சியைப் பாருங்கள். வண்டியை விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ ஆர்டிஓவில் கொடுத்தீர்களா? மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேட்டவர்: ஐயையோ, கையெழுத்துப் போட்ட படிவம் அவரிடம்தான் இருக்கிறது! சரி, நாளைக் காலை முதல் வேலை ஆர்டிஓ ஆபீஸ்தான்.