ஆன்லைனில் குளோபல் லீடர்ஷிப் எம்.பி.ஏ.: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் படித்தவர்கள் அனுபவத்தைப் போடுங்கள்

ஓசூர் ஷிஃப்ட்:
சிப்காட்டில் ஷிஃப்ட் இன்சார்ஜ். பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதி நேரமாகப் படிக்கிறேன். ஏன் சேர்ந்தேன், எவ்வளவு கட்டினேன் என்பதெல்லாம் இருக்கட்டும். பல நாட்டு ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றி ஒரு பாடம். ஹாஃப்ஸ்டீட் வந்துவிட்டார், படித்தவர்களுக்குத் தெரியும், நாடுகளின் வேலைக் கலாசாரத்துக்கு மார்க் போட்ட டச்சு ஆய்வாளர்: அதிகார இடைவெளியில், அதாவது மேலே இருப்பவருக்கு எவ்வளவு பணிந்துபோகிறோம் என்பதில், இந்தியா 77, ஜெர்மனி 35. சின்னக் குழுக்களாகப் பிரித்து விட்டார்கள். என் குழுவில் இருந்த ஜெர்மன்காரர், "மேலதிகாரி தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேரே சொல்வீர்களா?" என்று கேட்டார். "ஓ, சொல்வேனே, எங்கள் தலைமுறை மாறிவிட்டது" என்று அளந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து பிளான்ட் ஹெட் போன். "சொல்லுங்க சார்" என்றபடியே எழுந்து நின்றிருக்கிறேன். கேமராவில் தலை போய், சட்டைப் பொத்தானும் கீழே கட்டியிருந்த கைலியும்தான் தெரிந்திருக்கும். உட்கார்ந்து பார்த்தால் எல்லோரும் மியூட்டில் சிரிக்கிறார்கள். ஜெர்மன்காரர் மட்டும் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதினாரோ, இன்னும் உறுத்துகிறது.

மாங்கூழ்:
காவேரிப்பட்டணம் பக்கம் தோட்டம், வேலை கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில். ஒரு அசைன்மென்ட்டுக்குப் பெங்களூரா மாங்காய் விலைத் தகராறை எடுத்தேன், கூழுக்குப் போகிற ரகம். விவசாயி, மண்டி, ஆலை, கலெக்டர் ஆபீஸில் முத்தரப்புக் கூட்டம், எல்லாம் எழுதினேன். "விலை படியாவிட்டால் காயை மரத்திலேயே விட்டுவிடுவார்கள், பறிகூலிக்கே கட்டாது" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: "ஆதாரம்?" ஆதாரம் எங்க அப்பா. ஆதாரங்களைக் குறிப்பிட ஹார்வர்டு முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் அவரை எப்படிப் போடுவது?

பென்னாகரம் மருமகள்:
எனக்கு ஆன்லைன் தேர்வில் நடந்தது. லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்க, மேசைக்கு அடியில் கூடக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். பின்கட்டில் மாமியார் புளி தட்டிக்கொண்டிருந்தார், டக் டக், கொஞ்சம் நிறுத்தி மறுபடி டக். திடீரென்று திரையில் மேற்பார்வையாளரின் செய்தி: யாரோ தட்டித் தட்டி உங்களுக்கு விடை சொல்கிறார்களா? என்ன சொல்ல? லேப்டாப்போடு எழுந்து போய் மாமியாரையும் புளிக் குவியலையும் காட்டினேன். அவர் கையில் சுத்தியலோடு நிமிர்ந்து, "யாரு கண்ணு, உங்க வாத்தியாரா? சாப்பிட்டாரா கேளு" என்றார். "தொடரலாம்" என்று பதில் வந்தது. தேர்வில் பாஸ்தான். ஆனால் அந்த ஆள் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது போகமாட்டேன் என்கிறது.

பாலக்கோடு சீனியர்:
நானும் இப்படி ஒன்று முடித்தவன்தான். பட்டமளிப்பைக் கடையில் உட்கார்ந்தபடி போனில் பார்த்தேன், நடுவில் சிக்னல் போய்விட்டது, அவ்வளவுதான். சேரப் போகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன், ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 ஆன்லைன் படிப்பு விதிமுறைப்படி அனுமதி இருக்கிறதா, அந்தப் படிப்பு அந்த ஆண்டுக்கான பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே அறிவித்தாயிற்று. வெளிநாட்டுப் பட்டத்துக்கு அது பொருந்தாது. நாளைக்கு அரசு வேலை, பிஎச்.டி. என்று போனால் இங்குள்ள பட்டத்துக்கு இது சமம் என்கிற சமநிலைச் சான்று கேட்பார்கள், ஆன்லைன் பட்டத்துக்குக் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் பாடங்களை முடிக்க முடிக்க கிரெடிட் என்று புள்ளிகள் சேரும், முதுகலைக்கு 180 கிரெடிட். 60 முடித்தால் சான்றிதழ், 120 முடித்தால் டிப்ளமோ என்று பொதுவாகக் கொடுப்பார்கள். பாதியில் விட நேர்ந்தால் கைக்கு என்ன வரும் என்று பாருங்கள். அப்புறம், மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அங்கே மாலை 6 மணி வகுப்பு நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11.30, கோடையில் 10.30. இன்னும் நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ராயக்கோட்டை ரோடு:
சீனியர் சார், இங்கே யாரும் சேரலாமா என்று கேட்கவில்லை. ஓசூர் தம்பி, நீங்களும் அந்த 77ஐ அப்படியே நம்பாதீர்கள். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த சர்வேதான் அதற்கு அடிப்படை. அப்போது கிருஷ்ணகிரி மாவட்டமே கிடையாது, வந்தது 2004ல். ஒரே கம்பெனி ஆட்களை வைத்து ஒரு நாட்டுக்கே மார்க் போடுவதை எத்தனையோ பேர் விமர்சித்தாகிவிட்டது. எங்கள் ஆலையில் மெஷின் நிறுவ வந்த ஜெர்மன் எஞ்சினியர் தினமும் கசங்கிய டி ஷர்ட்டில் வருவார், எங்கள் ஜி.எம்.மையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவருடைய டைரக்டர் வருகிற அன்று காலை ஆறு மணிக்கு கெஸ்ட் ஹவுஸிலிருந்து எனக்குப் போன்: ஷூ பாலிஷ் எங்கே கிடைக்கும்? ஓசூரில் அந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? என் பையனின் ஸ்கூல் பாலிஷைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு 35ஆ?

பென்னாகரம் மருமகள்:
சீனியர் அண்ணா சொன்ன கடிகார விஷயம் எனக்கு உபயோகம்தான், ஏன் சண்டை?

மாங்கூழ்:
என் கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை, சரி. பல்கலைக்கழக லைப்ரரிக்கே மெயில் போட்டேன். பேசிய தேதியோடு, நேரில் சொன்ன தகவல் என்று கட்டுரைக்குள்ளேயே குறிப்பிடலாமாம். அடுத்த அசைன்மென்ட்டில் அப்பா பெயர் வருகிறது.