பினாங்கில் முளைக்கக்கூடிய பைன் விதை கிடைக்குமா?

வணக்கம். மகள் படிவம் ஐந்து படிக்கிறாள். அவளுடைய உயிரியல் செயல்திட்டத்துக்குப் பைன் விதை தேடுகிறோம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது ஓடு நீக்கிய கொட்டை. அது முளைக்கும் என்ற நம்பிக்கை இல்லை.

பச்சைப் பயற்றை இருட்டில் முளைக்கவிட்டால் தௌகே (சமையலுக்கு விற்கும் பயற்று முளை) போல வெளிறித்தான் வரும். கோயில் முளைப்பாரியும் அப்படித்தான். பச்சையம் உருவாகும்போது ஒரு கட்டத்தைத் தாண்ட, பூக்கும் தாவரங்களிடம் வெளிச்சம் பட்டால் மட்டுமே இயங்கும் நொதிதான் உண்டு. பைனிடம் வெளிச்சமே தேவைப்படாத இன்னொரு நொதியும் இருக்கிறது. அதனால் பைன் நாற்று கும்மிருட்டிலும் பச்சையாக முளைக்கும்! அந்த நொதிக்கான 3 மரபணுக்கள், செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகத்தில் இருப்பவை. பாசிகள் காலத்திலிருந்து வந்த அவற்றைப் பூக்கும் தாவரங்களின் பரம்பரை தொலைத்துவிட்டது. பைனும் லேசுப்பட்டதல்ல. ஒளிச்சேர்க்கைக்குத் துணைபோகும் என்டிஎச் மரபணுக்கள் 11-ஐயும் அதன் பசுங்கணிகம் இழந்துவிட்டது. பயற்றில் அவை பத்திரமாக இருக்கின்றன.

இரண்டையும் ஒரே இருட்டுப் பெட்டியில் வளர்த்துப் பார்க்கத்தான் இந்தத் தேடல்.

கேமரன் மலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது பைன் கூம்பு கொண்டுவர முடியுமா? விரிந்த கூம்பில் விதை உதிர்ந்திருக்கும். முற்றியும் விரியாததாகப் பாருங்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சவுக்குக் காய் வேண்டாம். பார்க்கக் குட்டிக் கூம்பு மாதிரி இருக்கும், ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம். அப்புறம், தாவரவியல் படித்தவர்கள் இருந்தால், விதையை எத்தனை நாள் ஊறவைப்பது என்றும் சொல்லுங்கள். தீவுக்குள் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.