படகு பேட்டரி மாற்றம்: ஆலோசனை வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் லங்காவித் தீவில் நங்கூரமிட்டுள்ள எங்கள் 36 அடி பாய்மரப் படகில், விளக்குகளுக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் தரும், 12 வோல்ட் கிடைக்கும்படி இணைத்த 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் நான்கும் தளர்ந்துவிட்டன, மாலையில் 12.7 வோல்ட் காட்டும் மீட்டர் விடியற்காலையில் 11.8க்கு இறங்கிவிடுகிறது, ஒன்றின் பக்கச்சுவர் தடவினாலே தெரியும் அளவுக்குப் புடைத்திருக்கிறது.

200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாற எண்ணியுள்ளேன். என் கவலையெல்லாம் எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பற்றித்தான்: லித்தியம் இழுக்கும் மின்னோட்டத்தை இடைவிடாமல் கொடுத்து அது சூடேறிக் கருகலாம், பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால் எழும் மின்னழுத்தத்தில் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் போய்விடலாம். ஆகவே ஆல்டர்னேட்டரை எஞ்சினைக் கிளப்பும் ஈய பேட்டரியோடு மட்டும் இணைத்து, அங்கிருந்து மின்னோட்டத்தை 30 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்தை ஏற்றுவது போதுமா? படகில் இதைச் செய்து பார்த்தவர்கள், சார்ஜரை எஞ்சின் அறையின் வெப்பத்திலிருந்து எவ்வளவு விலக்கி வைத்தீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.