பழைய வண்டிகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பக்குவம்

புல்லட்காரர்:
வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ உதைத்து உதைத்துக் கால் வீங்கியவர்கள் பெரும்பாலும் ஆம்மீட்டரை (பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் ஊசி மீட்டர்) பார்க்காதவர்கள். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். பாயிண்ட் (திறக்கும்போது ப்ளக்கில் பொறி வரவைக்கும் சுவிட்ச்) மூடியிருக்கும்போது ஊசி டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால், பாயிண்டைத் திறக்கும் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் ஊசி நடுவுக்குத் திரும்பும் அந்த இடம் கம்ப்ரஷன் உச்சியை (பிஸ்டன் கலவையை அழுத்தி மேலே வரும் இடம்) ஒட்டியே இருக்கும். அங்கே டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்து, கிக்கரை ஒரு பொட்டு தாண்ட விட்டு, டீகம்ப்ரஸரை விடுங்கள். கிக்கர் முழுதாக மேலே வரட்டும். பிறகு ஒரே உதை, அடிவரைக்கும். பாதி உதைதான் காலைத் திருப்பி அடிக்க வைக்கும்.

எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் (ப்ளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

பாயிண்ட் பிரியர்:
முழு உதை கொடுத்தும் திருப்பி அடித்தால் ஆட்டோ அட்வான்ஸை (வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டி வரவைக்கும் பாகம்) திறந்து பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தோ, வெயிட் ஒட்டிக்கொண்டோ டைமிங் (பொறி வரும் நேரம்) அட்வான்ஸிலேயே நின்றிருக்கும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இதை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங்கைத் தொட வேண்டும், ஏனென்றால் இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் நகரும். வெயிட் முழுதாக மூடிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்டின் ஃபைபர் முனை தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். வண்டி இழுக்காது, சூடு மட்டும் ஏறும். கேமில் துளி கிரீஸ் தடவினால் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும்.

இன்னொன்று: வாரக்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் குறைவாகக் காட்டுகிறது என்று உடனே ஊற்றிவிடாதீர்கள். ஆயில் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் அறை) இறங்கியிருக்கும். சில நிமிடம் ஓடவிட்டு, அது திரும்பி வந்தபின் அளவு பாருங்கள். கிளப்பியதும் வரும் புகை மண்டலமும் அதனால்தான்.

ரோட்கிங் ரசிகர்:
யெஸ்டி ரோட்கிங்கை முதன்முதலாகப் பார்ப்பவர் கிக்கரைத் தேடுவார். இடது பக்கக் கியர் லீவரே கிக்கர்! உள்ளே தள்ளி மேலே திருப்ப வேண்டும். கிளப்பியதும் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கியர். கியர் லீவரை அசைத்தாலே கிளட்சும் விடுபடும் அமைப்பு என்பதால், கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் கலக்கும் ஆயில் கணக்கு: 1:25 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 1:50 என்றால் 20 மி.லி. "கூட ஊற்றினால் பாதுகாப்புதானே" என்பார்கள். பாதிதான் உண்மை. ஆயில் கூடினால் கார்பரேட்டரின் அதே ஜெட் (துளை) வழியாக வரும் பெட்ரோல் குறைகிறது, கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகிறது. சைலன்சரில் கரியும் படியும்.

நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி எஞ்சின் பிடியிலேயே இறங்காதீர்கள். பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. நடுநடுவே முறுக்கிக் கொடுங்கள். வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல் இருந்து, சத்தமும் கம்மினால் யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். பிஸ்டன் ஜாம் ஆகும் முன் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை அது.

நூறு சிசி:
நான் யமஹா ஆர்எக்ஸ் 100 பற்றிச் சொல்ல வந்தேன் (அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது). பழைய டூ ஸ்ட்ரோக் எதற்கும் பொருந்தும் ஒரு சோதனை சொல்கிறேன். ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறி, இறங்க மறுத்து, ப்ளக் வெளுத்திருந்தால் கிராங்க்கின் மேக்னெட் பக்க ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காற்று இழுக்கிறது. கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் அடையாளம் வேறு: வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும், தரையில் மட்டும் ஒரு சொட்டுகூட இருக்காது. பலர் முதல் கோளாறுக்குக் கார்பரேட்டரையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். லீனாக ஓடுவதை மறைக்க ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்குவது, பிஸ்டனுக்கு நாள் குறிப்பது மாதிரி.

புல்லட்காரர்:
நாலு ஸ்ட்ரோக் சின்ன வண்டிகளை யாருமே தொடவில்லையே? ஹீரோ ஹோண்டா சிடி 100 வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்.

டேப்பெட்:
1985-இல் வந்த சிடி 100-க்கு (97.2 சிசி) சொல்ல அதிகமில்லை, அதுதான் அதன் பெருமை. டேப்பெட் (வால்வுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) மட்டும் கவனம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, ஃப்ளைவீலில் உள்ள டி குறியை (பிஸ்டன் உச்சி) அதைக் காட்டும் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் (வால்வை அமுக்கும் கை) தளர்வாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லையென்றால் அது எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) உச்சி, இன்னொரு சுற்று சுற்றுங்கள். இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. ஃபில்லர் கேஜ் லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடத் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பின் மறுபடி அளந்தே தீர வேண்டும். டக டக சத்தம் பிடிக்காமல் இடைவெளியே இல்லாமல் இறுக்கச் சொல்பவர்கள் உண்டு. அப்படி இறுக்கினால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, விளிம்பு எரியும். பிறகு காலையில் கிக்கர் கனமே இல்லாமல் சும்மா இறங்கும்.